எதுவும் முளைக்கக்கூடாத தட்டு

வகுப்பில் எல்லோரும் அவளை ஊதா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி. நுண்ணுயிரியல் சேர்ந்த புதிதில், சாயம் போடும் முதல் வகுப்பிலேயே, கிரிஸ்டல் வயலெட் புட்டியை மூடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மூடி கையோடு வந்தது, புட்டி மேசையில் உருண்டது. விரல்கள், முழங்கை, வெள்ளைக் கோட்டில் பாதி, இடது கன்னத்தில் ஒரு திட்டு என்று எல்லாம் ஊதா. அந்தச் சாயம் இருக்கிறதே, அது சோப்புக்கெல்லாம் மசிகிற ஜாதி இல்லை. பழைய தோல் போய்ப் புதுத்தோல் வந்தால்தான் உண்டு.

"அடியே ஊதா!" என்று முதலில் சிரித்தவள் பக்கத்தில் நின்றவள். அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வாலு என்று பெயராம், அவளே சொன்னாள். சிரித்த கையோடு தன் கோட்டைக் கழற்றி மேசையைத் துடைத்து, புட்டியை நிமிர்த்தி, மேடம் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட்டாள். மேடம் வந்து, "யாரு கொட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம். கை தவறிடுச்சு" என்றாள் வாலு. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அதைப் பார்த்து ஊதா என்ன நினைத்திருக்க வேண்டும்? இவள் கூசாமல் பொய் சொல்லத் தெரிந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பைத்தியக்காரப் பெண் நினைத்தது, இவள் என் உயிர்த்தோழி என்று. அன்றிலிருந்து இருவரும் ஒரே மேசை, ஒரே பர்னர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போல, "கையைக் காட்டு" என்றாள். ஊதா நடை பழகிய நாளிலிருந்து அந்த வீட்டில் இது சட்டம். சாப்பிட உட்காரும் முன் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், உள்ளங்கை ஒரு முறை, புறங்கை ஒரு முறை. நகத்துக்கடியில் கறுப்பு தெரிந்தால் எழுந்து குழாயடிக்குப் போக வேண்டும். அப்பா பேருந்து ஓட்டுநர். ஷிப்ட் முடிந்து வந்து அவரும் நீட்டுவார். விருந்தாளி வந்தாலும் விலக்கு கிடையாது. அத்தை ஒரு முறை கோபித்துக்கொண்டு சாப்பிடாமலேயே போயிருக்கிறாள்.

அன்று ஊதா நீட்டிய கைகளைப் பார்த்ததும் அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"ஐயய்யோ! என்னடி இது?"

"சாயம்மா. கிருமிக்குப் போடற சாயம்."

"கிருமிக்குப் போடச் சொன்னா உனக்குப் போட்டுக்கிட்டு வந்திருக்கியே. இது என்ன படிப்போ!" என்று எலுமிச்சை, உப்பு, தேங்காய் நார், எல்லாவற்றையும் வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. கடைசியில் தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டாள். அப்பா ஓரமாக உட்கார்ந்து, "இவ வகுப்புக் கதையைக் கேட்டதுல இருந்து எனக்கு பஸ்ல கம்பியைப் பிடிக்கவே பயமா இருக்கு" என்றார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஊதா படிக்கும் அதே பல்கலைக்கழகத்தில், அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் ஊழியர்கள் சாப்பிடும் அறை இருக்கிறது. அதை ஒட்டிய சமையலறை அம்மாவுடையது. பல வருடம் மற்றவர்கள் வீட்டு அடுப்படியில் நின்றுவிட்டு, அப்புறம்தான் அந்தச் சமையலறை அவள் கைக்கு வந்தது. அங்கே அவளுக்குப் பெயர் சோப்பக்கா. வாசலில் ஒரு தொட்டி, அதன்மேல் ஒரு சோப்பு. அதைத் தொடாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. கணக்குத் துறைப் பேராசிரியராக இருந்தால் என்ன, காவலாளியாக இருந்தால் என்ன, "அண்ணே, கை" என்பாள். சமைத்து முடித்தால் அடுப்பு மேடையைக் காய்ச்சிய தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். துடைக்கும் துணியைத் தினமும் அவித்துக் காயப்போடுவாள். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அழுக்கைக் கண்டால் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஊதாவுக்கு அந்தப் படிப்பு முதலில் பிடிக்கவே இல்லை. டாக்டர் படிப்புக்கு ஆசைப்பட்டாள், மார்க் காலை வாரிவிட்டது. கிடைத்ததில் சேர்ந்தாள். முதல் மாதம் முழுக்க அழுமூஞ்சிதான். எல்லாவற்றையும் அவித்துக் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவைத் திறக்கும்போது வரும் வேகவைத்த நாற்றம், கிருமிக்குத் தீனியான அகார் கட்டியாகிவிடுமோ என்று ஓடி ஓடிக் கண்ணாடித் தட்டில் ஊற்றும் அவசரம், கிருமியைத் தொட்டெடுக்கும் லூப் கம்பியைச் சூடாக்கி, ஆறும்வரை பொறுக்காமல் உள்ளே விட்டு, 'சுர்' என்று கிருமியைக் கொன்றுவிட்டு மறுநாள் வெறும் தட்டைப் பார்த்து விழிப்பது, எல்லாமும் அவளுக்கு நடந்தது. ஒரு நாள் தட்டின் மேல்மூடியில் பெயர் எழுதிவிட்டாள். மூடிகள் கலந்துபோய், எது யாருடையது என்று பாதி வகுப்பே குழம்பி நின்றது. "அடியில எழுதணும், அடியில! மூடி ஊர் சுத்தும், அடிப்பாகம் எங்கயும் போகாது" என்று மேடம் கத்தியது இரண்டு மாடிக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம் ஒரு நாள் நுண்ணோக்கிக்குக் கீழே அவளுடைய சாயம் ஒழுங்காகப் பிடித்திருந்தது. ஊதா நிற உருண்டைகள், கொத்துக் கொத்தாக. "ஏய், வாலு, இங்க வா, பாரேன்!" என்று கத்தினாள். அந்த நிமிடம் படிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. மனுஷ மனசு அப்படித்தான்.

மேடம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயத்தைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். கன்ட்ரோல் தட்டு. எந்தச் சோதனை செய்தாலும் ஒரு தட்டு தனியாக வைக்க வேண்டும். அதே அகார், அதே சலைன் உப்புத்தண்ணீர், அதே பஞ்சுக் குச்சி. சாம்பிள் மட்டும் அதில் இருக்காது. அந்தத் தட்டில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் கோளாறு நம் தண்ணீரிலோ கையிலோ இருக்கிறது, சாம்பிளில் இல்லை. "கன்ட்ரோல்ல ஒரு புள்ளி முளைச்சாலும் மத்த தட்டெல்லாம் குப்பை. அழுதுக்கிட்டே தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க" என்பார்.

இரண்டாம் வருடத்தில் ஜோடி ஜோடியாக ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்த்துச் செமினாரில் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்யும் ஒருவருக்கு விடுமுறையில் மேடத்தின் ஆராய்ச்சி லேபில் இடம். வாலுவுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண் இருந்தது. ஊதாவுக்கும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை.

பக்கத்து மேசைக்காரர்கள் சாக்கடைத் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். வேறு இருவர் பேருந்துக் கம்பி. "நாம உங்கம்மா சமையலறையைப் பண்ணலாம்டி. சுத்தமான இடம் எப்படி இருக்கும்னு காட்டலாம். எல்லாரும் அழுக்கைத்தான் காட்டப் போறாங்க, நம்மளுது மட்டும் தனியா தெரியும்" என்றாள் வாலு.

ஊதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கம்மா கையில ஒண்ணும் முளைக்காது பாரு" என்றாள். அந்தப் பெருமைக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த வருடக் கடைசியில் சமையலறையை அம்மாவிடமே விடுவதா, வெளியிலிருந்து வரும் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுப்பதா என்று அலுவலகம் முடிவு செய்ய இருந்தது. கம்பெனிக்காரர்கள் பளபளவென்று படம் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பல்கலைக்கழகத்து லேபே அம்மாவின் சமையலறை சுத்தம் என்று சொல்லிவிட்டால், அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?

அம்மாவிடம் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பிள் எடுக்க வந்த அன்று புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். ஊதா பஞ்சுக் குச்சியை எடுத்ததும் ஓடிப்போய்க் கை கழுவ ஆரம்பித்தாள்.

"அம்மா, கழுவாதே! வேலை செய்யறப்போ கை எப்படி இருக்கோ அப்படியே எடுக்கணும்."

"அழுக்குக் கையை எவளாவது நீட்டுவாளா?"

"உன் கை எப்போம்மா அழுக்கா இருந்துச்சு?"

அம்மா சிரித்துக்கொண்டே நீட்டினாள். உள்ளங்கை ஒரு முறை, புறங்கை ஒரு முறை, பழக்கதோஷம். வேலை சுலபம்தான். சின்னக் குழாயில் இருக்கும் சலைனில் பஞ்சை நனைத்து, தடவ வேண்டிய இடத்தில் தடவி, அதே குழாயில் போட்டு மூட வேண்டும். ஒன்று கை. ஒன்று காய் நறுக்கும் பலகை. ஒன்று துடைக்கும் துணி. நான்காவது கரண்டி. அடுப்பில் பெரிய பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அதற்குள்ளிருந்து கரண்டியை எடுத்து நீட்டி, "சூடுடி, பாத்து, உன் பஞ்சு வெந்துடப் போகுது" என்றாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். போனில் படமும் எடுத்தாள், அம்மா கரண்டியும் கையுமாக நிற்கும் படம். ஐந்தாவது குழாய் கன்ட்ரோல். பஞ்சை நனைத்து, எதையும் தொடாமல் அப்படியே மூடினார்கள். கிளம்பும்போது அம்மா இருவருக்கும் சாப்பாடு போட்டாள். வாலு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா கையால் சாப்பிட்ட வாய் அது, அதை மறந்துவிடாதீர்கள்.

குழாய்களைத் தயார் செய்தது வாலு. அகாரைக் கரைத்து ஊற்றியது ஊதா. லேபுக்குத் திரும்பி, ஐந்து குழாய்க்கும் ஐந்து தட்டு, அடியில் எண் எழுதி, பஞ்சை அகாரின் மேல் இழுத்து, கிருமி வளரும் சூட்டுப்பெட்டியான இன்குபேட்டரில் வைத்தார்கள். மறுநாள் காலை அலுவலகத்தில் ஏதோ கூட்டம், சமையலறையில் ஆள் போதவில்லை என்று ஊதா அம்மாவுக்குக் கை கொடுக்கப் போனாள். லேபுக்கு வரும்போது வாலு தட்டுகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்திருந்தாள்.

நான்கு தட்டிலும் இளஞ்சிவப்பில் கிருமிக் கூட்டம், இண்டு இடுக்கு விடாமல். அந்த அகாரில் அந்த நிறம் வந்தால் என்ன அர்த்தம் என்று அந்த வகுப்பில் தெரியாதவர் இல்லை. குடலில் இருக்க வேண்டியது, சாப்பாட்டுப் பக்கம் தலைகாட்டவே கூடாதது.

ஊதா ஐந்தாவது தட்டைத் தேடினாள். "கன்ட்ரோல்?" என்று கேட்டாள்.

"சுத்தமா இருந்துச்சுடி. பாத்துட்டுக் கழிவுல போட்டுட்டேன்."

"போட்டுட்டியா?"

"வெறும் தட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இடம் வேற இல்ல. அதான் பாத்தேன்ல, ஒண்ணுமே இல்ல."

நியாயமாகப் பார்த்தால் ஊதா அங்கே சண்டை போட்டிருக்க வேண்டும். கழிவுத் தொட்டியைக் கிளறியிருக்க வேண்டும். குறைந்தது அந்த நான்கு தட்டையும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். கையும் பலகையும் துணியும் கரண்டியும் ஒரே மாதிரி, ஒரே அளவில் முளைக்குமா? அதில் ஒன்று கொதிக்கிற பாத்திரத்திலிருந்து வந்தது இல்லையா? படித்த பெண்தானே, மூளையை எங்கே அடகு வைத்திருந்தாள்? ஆனால் கண்ணெதிரே முளைத்து நிற்பதைப் பார்த்துவிட்டால் இந்தப் படிப்புக்காரர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. தட்டு பொய் சொல்லாது என்று அவர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை.

அவள் நம்பினாள். வாலுவை நம்பினாள் என்பது ஒரு பக்கம். அம்மாவின் கை அழுக்கு என்பதையும் நம்பினாள்.

"வாலு, இடம் எதுன்னு சொல்லாதடி. ஒரு சமையலறைன்னு மட்டும் போடு. யாருக்காவது தெரிஞ்சா எங்கம்மா வேலை போயிடும். உன் கால்ல வேணா விழறேன்."

"சீ, பைத்தியம். நான் சொல்லுவேனா? மூச்சு விட மாட்டேன். என் தலைமேல சத்தியம்" என்று வாலு அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அன்று வீட்டில் அம்மா ஆவலாகக் கேட்டாள். "என்னடி, என் கையில என்ன முளைச்சுது? பூவா, காயா?"

"இன்னும் வரல. நாளாகும்மா."

அம்மா தட்டில் சாப்பாட்டைப் போட்டாள். ஊதாவுக்கு இறங்கவில்லை. கண்ணுக்குள் அந்த இளஞ்சிவப்புதான். வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டாள். மறுநாள் தன் தட்டையும் டம்ளரையும் தானே எடுத்துப்போய் வெந்நீரில் கழுவிக்கொண்டாள். காலையில் டப்பாவில் கட்டிக் கொடுத்ததை லேபில் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள், "டைம் இல்லம்மா" என்றாள். அம்மா காய் நறுக்கும்போது அவள் பார்வை தானாக அம்மாவின் விரல்களுக்குப் போகும். அம்மா நிமிர்ந்தால் வேறு பக்கம் பார்ப்பாள். அம்மா எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், சுத்தமாக இருந்த பலகையை எடுத்து இரண்டாம் முறை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊதா அதைப் பார்த்தும் பார்க்காதது போல் போய்விட்டாள்.

செமினார் வந்தது. பேசுவது வாலுதான், பேச்சில் அவள் கெட்டி. திரையில் தட்டுகளின் படம் வந்தது. 'கன்ட்ரோல்: வளர்ச்சி இல்லை' என்று அழகாக ஒரு வரி. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. வேறு துறையிலிருந்து வந்திருந்த ஒருவர், "இவ்வளவு மோசமா எந்த இடம்மா இது?" என்று கேட்டார்.

ஊதா முதல் வரிசையில் உட்கார்ந்து வாலுவின் முகத்தையே பார்த்தாள். வாலுவும் அவளை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"நாம எல்லாரும் தினமும் பாக்கற இடம்தான் சார். நம்ம ஸ்டாஃப் சாப்பாட்டு அறை."

அடுத்த படத்தை வேறு தட்டிவிட்டாள். கரண்டியும் கையுமாக அம்மா, புதுப் புடவையில், சிரித்துக்கொண்டு.

அறை முழுக்க ஒரு சலசலப்பு. யாரோ, "ஐயோ, இன்னிக்குக்கூட அங்கதான் சாப்பிட்டேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் ஊதா அனுபவித்தாள். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மேடம் முகத்தை இறுக்கிக்கொண்டு, "இதை ஆபீஸுக்குச் சொல்லாம இருக்க முடியாது" என்றார். வாலுவின் பேச்சை மட்டும் பாராட்டினார். விடுமுறை இடம் யாருக்கு என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாளே அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சமையலறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அடுப்பில் பாதி வெந்துகொண்டிருந்ததை இறக்கக்கூட விடவில்லை. அம்மா வாசலில் நின்று, "எதுக்குண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். "உங்க பொண்ணு லேப்ல சோதிச்சாங்களாம், உங்க கையிலயே இருக்காம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். எப்போதும் தொட்டியில் கை கழுவிவிட்டு உள்ளே வரும் மனிதர் அன்றைக்குக் கழுவாமலேயே உள்ளே போனாராம். அதை மட்டும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

ஊதா மூன்றாம் மாடியில் இருந்த லேபுக்கு ஓடினாள். வாலு தொட்டியருகே நின்று கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி சொன்ன? தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணினியே, ஏன்டி சொன்ன?"

"கத்தாதடி. எல்லாரும் பாக்கறாங்க. அவரு நேரா கேக்கறப்போ எப்படிப் பொய் சொல்றது?"

"உனக்குப் பொய் சொல்லத் தெரியாதா?"

வாலு குழாயை மூடினாள். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, சமாதானம் சொல்கிற குரலில் ஆரம்பித்தாள். "இங்க பாரு, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. அவ்வளவு மோசமா இருக்காது. கன்ட்ரோல்லயே கொஞ்சம் வந்திருந்துச்சு, அதனால..."

"என்னது?"

வாலுவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அசரவில்லை. "கொஞ்சம்தான்டி. அன்னிக்கு ஆட்டோகிளேவ்ல அவ்வளவு கூட்டம். நம்ம சலைன் ரெடியாகல. பக்கத்து மேசையில தொறந்து வச்சிருந்தாங்க, அதுல இருந்து ஊத்திக்கிட்டேன். கன்ட்ரோல்ல வந்துருச்சுன்னு சொன்னா மறுபடி முதல்ல இருந்து பண்ணணும். செமினார் போயிருக்கும். மத்தவங்க யாருக்காவது அந்த இடம் போயிருக்கும்."

"பக்கத்து மேசையா? சாக்கடைத் தண்ணி பாத்துக்கிட்டு இருந்தாங்களே, அவங்களா?"

"ஆமா, அதுக்கு என்ன இப்போ?"

அதுக்கு என்னவா! சாக்கடைத் தண்ணீரை உறிஞ்சிய பிப்பெட்டை அந்தப் புட்டியில் விட்டிருக்கிறார்கள். அந்தப் புட்டியிலிருந்து ஐந்து குழாய். அந்தக் குழாயில் நனைத்த பஞ்சால் அம்மாவின் உள்ளங்கையைத் தடவியது யார்? பெற்ற மகள். சாக்கடையை எடுத்துப்போய் அம்மா கையில் பூசிவிட்டு, அம்மா கை சாக்கடை என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். ஊதாவுக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. "நீ எங்கம்மா கையால சாப்பிட்டியேடி" என்று மட்டும் சொன்னாள்.

"சரி, ஸாரி. போதுமா?" என்றாள் வாலு. பிறகு மறுபடி குழாயைத் திறந்தாள்.

ஊதா நேராக மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் வாலுவைக் கூப்பிட்டுக் கேட்டார். வாலு கூசாமல், "இல்ல மேடம், கன்ட்ரோல் சுத்தமாத்தான் இருந்துச்சு. அவங்கம்மாவுக்காக இவ சொல்றா" என்றாள். மேடம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய்ப் பக்கத்து மேசைக்காரர்களின் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார். தன் கையாலேயே ஒரு தட்டில் இழுத்தார். ஒரு புதுப் புட்டியிலிருந்து இன்னொரு தட்டு. மறுநாள் காலை இருவரையும் நிற்க வைத்து இன்குபேட்டரைத் திறந்தார். புதுப் புட்டியின் தட்டு வெறுமையாக இருந்தது. பழைய புட்டியின் தட்டில் அதே இளஞ்சிவப்பு, இண்டு இடுக்கு விடாமல்.

வாலு தரையைப் பார்த்தாள். அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது, விடுமுறை இடமும் போனது. அதை விடுங்கள். மேடம் திரும்பியது ஊதாவின் பக்கம்.

"நாலாவது சாம்பிள் எதுல எடுத்தீங்க?"

"கரண்டி மேடம்."

"கரண்டி எங்க இருந்துச்சு?"

"கொதிக்கிற பாத்திரத்துல."

"கொதிக்கிற பாத்திரத்துல இருந்து எடுத்த கரண்டியில இது உயிரோட இருக்கும்னு உனக்குத் தோணிச்சா? அவ மறைச்சா, சரி. கன்ட்ரோல் தட்டைக் கண்ணால பாக்காம விட்டது என் தப்பு, அதையும் ஒத்துக்கறேன். கரண்டியை உன் கையால தடவினவ நீ. உனக்கு ஏன்மா சந்தேகமே வரல?"



மேடம் ஒன்றும் பூசி மெழுகவில்லை. ஊதாவையும் கூட்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். தவறு எங்கள் லேபில், அந்த அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். புதிதாகச் சாம்பிள் எடுத்தார்கள். தட்டுகள், ஊதா அன்று பெருமையாகச் சொன்னபடியே, வெறுமையாக இருந்தன. சாவி ஊதாவின் கைக்கு வந்தது. கம்பெனிக்காரர்கள் பேச்சும் அந்த வருடத்துக்கு அடங்கியது.

சாவியை எடுத்துக்கொண்டு ஊதா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே, "அம்மா! அம்மா! உன் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு ஆயிடுச்சும்மா!" என்று கத்தினாள்.

அம்மா சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். "எனக்கு அது முன்னாடியே தெரியும்டி" என்றாள்.

ஊதா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சலைன், சாக்கடை, கன்ட்ரோல் தட்டு, வாலு செய்த துரோகம். "கூடவே இருந்து குழி பறிச்சுட்டாம்மா. சத்தியம் பண்ணிட்டு எப்படிம்மா ஒருத்தியால இப்படிப் பண்ண முடியும்?" என்று பொருமினாள்.

அம்மா கேட்டுக்கொண்டே கீரையை ஆய்ந்தாள். கடைசித் தண்டு வரை ஆய்ந்துவிட்டுத்தான் பேசினாள்.

"அந்தப் பொண்ணு எவளோ. ஒரு வேளை சாப்பிட்டவ. உங்க மேடத்துக்கு என்னைத் தெரியாது. ஆபீஸ்காரருக்கு மேலே இருந்து சொன்னாங்க, பூட்டினாரு. அவங்க மேலெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல." கீரையைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். "நீ எதுக்குடி உன் தட்டை வெந்நீர்ல கழுவின?"

ஊதா வாயைத் திறந்தாள். அம்மாவே தொடர்ந்தாள்.

"பூட்டறதுக்கு முன்னாடியே கழுவினியே. டப்பாவைத் திறக்காம கொண்டுவந்தியே. யாரும் வந்து சொல்றதுக்கு முன்னாடியே என் பொண்ணு என் கையைப் பாக்கறதை நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். உனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இந்தக் கையைப் பாக்கற. ஒரே ஒரு நாள் அந்தத் தட்டைப் பாத்த. அதை நம்பிட்டியே."

"அம்மா, தெரியாம... மன்னிச்சிடும்மா..." ஊதா அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழாதே. உக்காரு, சாப்பிடு" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஊதாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊதா உட்கார்ந்தாள். பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினாள். அம்மா அதைப் பார்க்கவில்லை. குழாயடிக்குப் போனாள். சோப்பு போட்டு, முழங்கை வரை தேய்த்து, நகத்துக்கடியில் தேய்த்து, நிதானமாகக் கழுவினாள். ஈரம் சொட்டச் சொட்ட வந்து மகளின் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கை ஒரு முறை, புறங்கை ஒரு முறை.

"பாத்துக்கோ. சரியா இருக்கா?"

"அம்மா, வேணாம்மா..."

"நல்லா பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் போடறேன்."

அம்மா கேலி செய்யவில்லை, குத்திக்காட்டவும் இல்லை, நிஜமாகவே கேட்டாள். ஊதா தலையை ஆட்டும்வரை அந்தக் கைகள் அப்படியே நீண்டிருந்தன. பிறகுதான் அம்மா கரண்டியை எடுத்தாள்.

ஊதா அந்தப் படிப்பை முடித்தாள். இப்போது ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கன்ட்ரோல் தட்டை முதலில் எடுத்துப் பார்க்காமல் மற்ற எதையும் தொட மாட்டாள். அம்மா இன்னும் அந்தச் சமையலறையில்தான் இருக்கிறாள். வீட்டில் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் பழையபடி நடக்கிறது. ஊதா சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பரிமாறுகிறாள். அப்பாவுக்குப் போடும்போது காட்டுவதில்லை.